வாசற்படியில் தொடங்கும் கோடு

மார்ச் 3, செவ்வாய்

எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. வட்டாரத்தில் மறுபடி நான்தான் முதல்! இரண்டாவதாக வருகிற பல் டாக்டரை நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் பழிப்புக் காட்டுவேன்.

மருமகள் இந்த நடைச் செயலியைப் போட்டுக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. "நீங்க நடங்க அத்தை, அதுவே கோடு போட்டு வச்சிக்கும்" என்றாள். என் முழுப் பெயரையும் சிரிக்கிற போட்டோவையும் அவளே ஏற்றினாள். ஓர் அடிகூட வீணாகக் கூடாதென்று வாசற்படியிலேயே பொத்தானை அமுக்குவேன். திரும்பி வந்து அதே படியில் நிறுத்துவேன்.

வெள்ளிக்கிழமை லேப்காரிக்குக் கோர்ட். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள், புருஷனிடமிருந்து தப்பி வந்து பத்து மாதமாக எங்களோடு இருக்கிறாள். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போல, கண் வீங்கியிருக்கிறது. பாப்பாவுக்கு நாலு வயது. அதுவும் அம்மாவின் முந்தானையை விடுவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

உத்தரவு கிடைத்துவிட்டது. புருஷன் அவளைத் தேடக் கூடாது, பின்தொடரக் கூடாது. அவளைப் பத்திரமாக வைத்திருப்பவர் யார் என்று ஜட்ஜ் கேட்டபோது எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வரும்போது, "நல்லா பாத்துக்குங்கம்மா" என்றான். என்ன மரியாதை! இவன்தானா இவள் கையை இரண்டு இடத்தில் முறித்தவன்?

எங்கள் வீட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே தையல் பயிற்சி நிலையம் என்று பலகை. உள்ளே அடிக்குத் தப்பி வந்த ஆறு பெண்கள், ஒரு குழந்தை, நான். யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே ஃபோனை அணைத்து என் தகரப் பெட்டியில் போட்டாக வேண்டும். பதினோரு வருஷமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிறேன். முகவரியை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

என் நடைக்குப் புதிதாக ஒருவர் கைதட்டல் போடுகிறார். இதுவரை மருமகள் ஒருத்திதான். பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வண்டி வருவதற்குள் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் ஃபோனில் எதையோ தட்ட, இரண்டு வருஷ நடையும் ஒரே படமாக வந்தது. அசந்துபோனேன். கோட்டின்மேல் கோடு, சிவப்பு நூலால் ஊரையே பிடித்துத் தைத்த மாதிரி. முட்டி வலித்த மாதம் கோடுகள் குட்டை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அந்தக் கட்டடத்தையே பன்னிரண்டு தடவை சுற்றியிருக்கிறேன். நானே மறந்துபோனது. பேக்கரி பெஞ்சில் நாலு நிமிஷம் உட்கார்ந்ததுகூட இருக்கிறது. என்னை யார் இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்? கட்டினவர் பார்த்தாரா? உடம்பெல்லாம் புல்லரித்தது.

பெருமை தாங்காமல் லேப்காரியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இதை யார் வேணாலும் பாக்கலாமாக்கா?"

"பாத்தா என்ன? நடக்கறது குத்தமா?"

எல்லாக் கோடும் வந்து சேரும் இடத்தில் விரலை வைத்தாள். அங்கே சிவப்பு கெட்டியாக, முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. "அக்கா... இது நம்ம வாசல்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவள் அந்தக் கைதட்டும் ஆளைத் திறந்தாள். ஆறாம் தேதி சாயங்காலம் சேர்ந்திருக்கிறான். அவன் பின்தொடர்வது ஒரே ஒருத்தியை, என்னை. முகத்துக்குப் பதிலாகப் புறாக்கள் படம். "இது எங்க மொட்டைமாடி. அந்த ஒத்தைக்கால் புறாவுக்கு நான்தான் தீனி போடுவேன்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. எழுந்துபோய் பாப்பாவுக்குச் செருப்பு மாட்டினாள்.

கோர்ட்டில் என் பெயர் அவன் காதில் விழுந்தது. செயலியில் அந்தப் பெயரைப் போட்டான். அவ்வளவுதான். நாலு நாளாக நானே தினமும் அவனுக்கு வழி சொல்லியிருக்கிறேன். ஆறு பேர் ஃபோனையும் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினேனே, என் ஃபோன் மட்டும் என் இடுப்பிலேயே இருந்ததே! கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்...

வண்டி வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

எல்லோரும் பத்திரம். வேறு இடம். விடுதிச் செயலாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். நான்தானே எல்லோருக்கும் சொல்கிறவள்?

என் ஃபோனை லேப்காரி வாங்கிக்கொண்டாள். லேபில் ரத்தக் குப்பிகளை வரிசையாகப் பார்க்கிற அதே நிதானம். எதெதற்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். டார்ச் லைட்டுக்கு நான் இருக்கும் இடம் வேண்டுமாம். காலண்டருக்கு என் குரல் வேண்டுமாம். ராசிபலனுக்கு என்னிடமிருக்கிற அத்தனை பேர் நம்பரும்!

"டார்ச்சுக்கு நான் எங்க இருந்தா என்ன?" என்றேன்.

"கேட்டுச்சு, நீங்க சரின்னு அமுக்கிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான்க்கா."

ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் இவள் பிள்ளையோடு மறுபடி ஓட வேண்டியதாயிற்று. அவள் கைதான் இப்போது என் ஃபோனில் திறந்து கிடந்த கதவுகளைச் சாத்துகிறது. முறிந்து கூடிய கை. இவள் எந்த மண்ணால் ஆனவள்?

நடைச் செயலிக்கு வந்தபோது மட்டும் நிறுத்தினாள். "இதை அழிக்க வேணாம். மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அம்மாகிட்ட முதல்ல காட்டுங்க."

மார்ச் 12, வியாழன்

இன்ஸ்பெக்டர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "தினமும் நடங்க. ஆனா இனிமே எங்க வாசல்லேர்ந்து" என்றார்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. நீல கேட், பலகை கிடையாது. கொடியில் துணி காயும். பார்த்தால் வீடு மாதிரிதான்.

மார்ச் 13, வெள்ளி

நீல கேட்டில் தொடங்கி நீல கேட்டில் முடித்தேன். எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி மஃப்டியில் ஒரு கான்ஸ்டபிள் பெண். மூச்சு வாங்கிவிட்டது அவளுக்கு. ஒரு கைதட்டல் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

கைதட்டல்.

மார்ச் 17, செவ்வாய்

வந்தான்.

காலை பத்தரை. நான் உள்ளே, ஜன்னல் ஓரம். நீல கேட்டைத் தட்டினான். கையில் பொம்மைகூட வாங்கி வந்திருந்தான். தலையில் துண்டு கட்டிய கான்ஸ்டபிள் பெண் திறந்தாள்.

"இங்க சின்னப் பிள்ளையோட ஒரு பொண்ணு தங்கியிருக்கில்ல? நான் அவ வீட்டுக்காரன்."

"எப்படிங்க வீட்டைக் கண்டுபிடிச்சீங்க?"

அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஃபோனை எடுத்து என் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினான். பழைய முடிச்சு, புது முடிச்சு, எந்தத் தேதியில் மாறியது, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள். நாலு எட்டு வைத்தான். சுவரில் தொங்கிய போலீஸ் தொப்பிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

என் காலடிகளை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

மார்ச் 18, புதன்

தடையை மீறியதற்காக ரிமாண்ட். லேப்காரியிடம் சொன்னேன். "பொம்மையை என்ன பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இங்கே வந்த பத்து மாதத்தில் முதல் தடவை.

செயலியை அழித்தேன். அதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

இப்போது தகரப் பெட்டியில் முதலில் விழுவது என் ஃபோன்.

புது வீட்டின் பின்னால் ஒரு முற்றம். அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். இன்று காலை பாப்பா அம்மாவின் முந்தானையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தது. என் அடிகளைச் சத்தமாக எண்ணியது. அதற்கு இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்று. லேப்காரி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் நடந்தோம்.

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டேன்.

"இருபது" என்றது பாப்பா.