அத்தானின் பச்சையும் தர்சியின் வெறும் மரமும்

என் அன்பு அத்தான், திருகோணமலைத் துறைமுகத்தின் முடிசூடாத சக்கரவர்த்தியே,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா அவிக்கிற புட்டில் மூன்று நீற்றுப்பெட்டி சாப்பிடுவதற்குள் தொண்டை அடைத்துவிடுகிறது. நெஞ்சு அடிக்கிற அடியில் சீனக்குடா மாவு ஆலையின் யன்னல்கள் அதிர்வதாகக் கேள்வி.

உங்கள் இந்த வருசத் திவசத்துக்குப் பத்திரிகையில் போட நாலு வரி எழுதித் தா என்று அக்கா கேட்டவ. "கண்ணீர், கடல் எண்டெல்லாம் எழுதாத. அந்த மனுசனுக்குப் பிடிக்காது" என்றும் சொன்னவ. நாலு வரிக்குள் அடங்கிற ஆளா நீங்கள்? அதனால் நடந்த முழுக் கதையையும் எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும். கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள், மகளோடு வேண்டாம்.

தர்சி புது ட்றம் செற் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருக்கிறாள்.

கலியாண வீடுகளில் நீங்கள் அடித்த பழைய செற் போன மாரியில் போய்விட்டது. கொட்டிலுக்குள் வெள்ளம் வந்து, பெரிய ட்றம் தனியாக மிதந்து, நங்கூரம் தேடுகிற கப்பலைப் போலக் கேற்றடிக்கு வந்து நின்றது. நம்முடைய ஊர்த்தெருவில் மாட்டைப் போலத் திரிகிற மான்களில், வாசலில் ஒதுங்கி நின்ற இரண்டும் அதற்கு வழிவிட்டன. நீங்கள் பூசிய பூச்சில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடித்து, தொட்டால் கையோடு வந்தது.

அந்தப் பூச்சை இந்தத் துறைமுகத்தில் யார் மறப்பான்? பைபர் படகுக்குப் பூசுகிற பிசினில் நீங்கள் பச்சையையும் நீலத்தையும் உங்கள் கைக்கணக்கில் கலப்பீர்கள். மத்தியான வெயிலில் உள்துறைமுகத் தண்ணீர் எப்படி இருக்குமோ, அந்த நிறம். தூரத்தில் ஒரு வள்ளம் வந்தால், "அது மணியத்தாரின்ர பச்சை" என்பார்கள். படகோடு நிறுத்தினீர்களா? குசினி அலுமாரி, கதிரை, கடைசியில் ட்றம் செற். உப்புக்காற்று உள்ளுக்கும் போகும் என்று சொல்லி, படகுக்கு அடிப்பதைப் போல ஒவ்வொரு ட்றம்முக்கும் உள்ளும் புறமும் தடிப்பாக அடித்தீர்கள். அக்கா அசையாமல் நின்றிருந்தால் அவவுக்கும் ஒரு கோட் விழுந்திருக்கும்.

புதுச் செற்றை நீர்கொழும்பில் அன்ரன் என்ற ஒருவர் செய்கிறார். மரத்தை வளைத்து, ஆளுக்கு ஏற்ற அளவில் செய்து தருவார். மேற்பூச்சை நாங்கள் தெரிவு செய்ய வேண்டும். அதற்கு மாதிரித் துண்டுகள் அனுப்பியிருந்தார். தர்சி அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தாள். சிவப்பு, கறுப்பு, முத்துப்போல வெள்ளை, கண்ணைக் குத்துகிற தங்க மினுக்கம்.

அக்கா தங்கத்தைக் கையில் எடுத்தவ வைக்கவேயில்லை.

"இதை எடு பிள்ளை. மண்டபத்துக்கு எடுப்பா இருக்கும்."

"அம்மா, அது கலியாண மணவறை மாதிரி இருக்கு."

"அப்ப நல்லதுதானே. உன்ர கலியாணத்துக்கும் உதவும்."

தர்சி சிரித்துக்கொண்டு ஓரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்தாள். நிறமே இல்லை. மரத்தின் ரேகை தெரிய, எண்ணெய் மட்டும் தேய்த்தது.

"எனக்கு இது காணும். வெறும் மரம்."

"பெயின்ற் அடிக்க மறந்துபோன மாதிரியெல்லோ கிடக்கு" என்றா அக்கா.

நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஊரில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். உங்களுக்கு அது தெரியும்.

அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனனான். உங்கள் பச்சை பூசின வள்ளம் ஒன்றாவது கண்ணில் படுமா என்று பார்த்தேன். கடைசியாக மிஞ்சியிருந்தது கிண்ணியா நானாவின் வள்ளம். அதையும் வாங்கின புது ஆள் வெள்ளை அடித்துவிட்டான். கரையில் கவிழ்த்துக் கிடந்தது, ஆஸ்பத்திரிச் சுவரைப் போல. அத்தான், அந்த இடத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்தது. வள்ளம் போய்விட்டது, செற் போய்விட்டது. மேடையில் மகள் வெறும் மரத்தோடு உட்கார்ந்தால், நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

கொட்டிலில் நீங்கள் கடைசியாகக் கலந்த பச்சை, ஒரு தகரத்தில், மூடி இறுகினபடி, தட்டில் இருந்தது. அதை எடுத்துப் பெட்டியில் கட்டி, அன்ரனின் பேரை எழுதி, கொழும்பு பஸ் கொண்டக்ரரிடம் கொடுத்தேன். "என்ன அண்ணை, இந்தப் பாரம்?" என்று கேட்டான். கோயில் நெய் என்றேன். அவன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

பிறகு அன்ரனுக்குப் போன் எடுத்தேன். தர்சி பகலில் துறைமுகக் கந்தோரில் வேலைக்கு நிற்பதால் அவரோடு கதைக்கிற பொறுப்பை என்னிடம்தான் தந்திருந்தாள்.

"தாய்மாமன் கதைக்கிறன். ஒரு தகரம் வருது. அதை அடியுங்கோ. உள்ளும் புறமும், தடிப்பா."

"தங்கச்சி எண்ணெய் மட்டும் போடச் சொன்னாங்களே?"

"தங்கச்சி மனம் மாறிட்டா."

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? போனை வைத்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது. அவள் தன் உழைப்பில் வாங்குகிற சாமான். ஒரு வருசமாக உப்புவெளி ஹோட்டல்களில் இரவல் செற்றில் அடித்துக்கொண்டு, இதற்காகக் காத்திருந்தவள். என்னை நம்பி இந்தப் பொறுப்பைத் தந்தவள். சொன்னதை மாற்றிச் சொல்லுவம் என்று அடுத்த நாள் எடுத்தால், அன்ரனின் போன் வேலை செய்யவில்லை. பட்டறைப் பக்கத்துக் கடைக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர்களுடைய தேவாலயத் திருவிழாவாம், எல்லாம் பூட்டாம், திறந்தவுடனே பூச்சு வேலையைத்தான் தொடங்குவாராம்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை இராவணனும் பட்டிருக்கமாட்டான். போன் மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தர்சி "மாமா" என்று கூப்பிட்டால், பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினேன். கப்பல்துறை மகாசமுத்திரமே வற்றுகிற அளவுக்குக் கழுவினேன். பேரில் துறை இருந்தாலும் அது தரை ஊர், அங்கே சமுத்திரம் இல்லை என்று சொல்ல வராதீர்கள்.

பிடிபட்டது நேற்று முன்தினம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, கொட்டிலுக்குள்ள அப்பாட தகரம் எங்க?"

"எந்தத் தகரம்?"

"தட்டில வட்டமா அடையாளம் மட்டும் கிடக்கு. சுத்திவரத் தூசி. நீங்கள் வேற, ஒரு கிழமையா என்னைக் கண்டா ஓடுறியள்."

சொல்லிவிட்டேன். கொண்டக்ரரின் நெய் உட்பட எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளுக்கும் அடிக்கச் சொன்னனீங்களோ?"

"ஓம். அப்பா செய்த மாதிரி."

"மாமா, அப்பா அதை அடிச்ச நாளிலயிருந்து அந்தச் செற் செத்துப்போச்சு. மரம் அதிர ஏலாம இருந்தது. எவ்வளவு அடிச்சாலும் வள்ளத்தில தட்டுற மாதிரித்தான் கேக்கும். டொக், டொக் எண்டு."

அத்தான், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தா. அவவுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியும். கலியாண வீடுகளில் உங்கள் பாண்ட் தொடங்கினால், யாரோ கதவில் தட்டுகிறான் என்று வீட்டுக்காரர் எழும்பிப் போனதை நான் கண்ணால் கண்டனான்.

"அப்ப ஏன் பிள்ளை அப்பாவிட்டச் சொல்லயில்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? பூசி முடிச்சிட்டு, கை துடைக்கிற துணியைத் தோளில போட்டுக்கொண்டு, 'இனி இது கடலுக்கடியில கிடந்தாலும் நூறு வருசம் நிக்கும்' எண்டு நிண்டவர். அந்த முகத்துக்கு எப்பிடிச் சொல்லுறது? நான் அதிலதான் பழகினனான். சத்தம் வராத செற்றில பழகினபடியாத்தான் எனக்கு இவ்வளவு கைப்பலம்." பிறகு சொன்னாள்: "ஒருக்கா, ஒரே ஒருக்கா, மரம் என்ன சொல்லுது எண்டு கேக்கவேணும் மாமா. அதுதான் வெறும் மரம் கேட்டனான். அப்பாவை விட்டிட்டுப் போக இல்லை."

நீங்கள் இதை எப்படி எடுக்கிறீர்களோ தெரியாது. ஒன்று கேட்கிறேன். உங்கள் காதுக்கும் அது கேட்டதா? அந்த டொக் டொக்கை அறிந்துகொண்டே, மகள் ஒன்றும் சொல்லாத காரணத்தையும் அறிந்துகொண்டே கடைசிவரை அதில் வாசித்தீர்களா?

அந்த நேரம் போன் அடித்தது. அன்ரன். நான் எடுத்த அவசரத்தில் போன் புட்டுத் தட்டுக்குள் விழுந்தது. தர்சி எடுத்துத் துடைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அண்ணே, பட்டறையைத் திறந்துட்டேன். நீங்க அனுப்பினது பூச்சு இல்லயே. கல்லு. தகரத்தை வெட்டித்தான் எடுத்தேன். அப்படியே இறுகிப்போய்க் கிடக்கு. ஒரு சொட்டும் பூச ஏலாது."

பிசின் வருசக்கணக்கில் கிடந்தால், அதுவும் நம்முடைய வெக்கையில், தானாக இறுகிவிடுமாம். வாழ்நாள் முழுக்க உங்களுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியாது. நான் வேலை பார்த்தேனா, வாய் பார்த்தேனா?

தர்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்ப மரம் அப்பிடியே இருக்கோ? ஒண்டும் படயில்லையோ?"

"அப்படியே இருக்கு தங்கச்சி. கேக்கிறீங்களா?"

தோல்கூட ஏற்றாத வெறும் மர வளையத்தில் அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சின்னப் போனுக்குள்ளால் அது வந்தது. ஆழமாக, நீளமாக. வந்து, குசினிக்குள் கொஞ்ச நேரம் நின்றது. அக்கா கூரையை விட்டுப் போனைப் பார்த்தா. எனக்கு அப்போதும் பயம்தான், ஆனால் வேறு மாதிரிப் பயம். இத்தனை வருசம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது இதுவா?

"எண்ணெய் மட்டும் போடுங்கோ அண்ணா" என்றாள் தர்சி. "மற்றது, அந்தக் கல்லை எறிஞ்சிடாதேங்கோ. செற்றோட அனுப்புங்கோ."

"கல்லு எதுக்குப் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மாமா, உங்கட உத்தியோகம் மறந்துபோச்சோ?"

எப்படி மறப்பேன்? பெரிய ட்றம்மைக் காலால் மிதிக்க மிதிக்க அது மண்டபத்து மாபிள் தரையில் வழுக்கி முன்னுக்கு ஓடும். அதற்கு முன்னால் செங்கல் வைத்துப் பிடிக்கிறதுதான் உங்கள் பாண்டில் என் மகத்தான பதவி. செங்கல் கிடைக்காத நாளில் நானே முன்னால் குந்தியிருந்து முதுகைக் கொடுத்தவன். இந்த முதுகு இல்லாவிட்டால் உங்கள் ட்றம் பந்தியில் போய்ச் சோறு சாப்பிட்டிருக்கும்.

செற் வருகிற சனிக்கிழமை லொறியில் வருகிறது. மழை வருமோ, லொறிக்காரன் கந்தளாயில் தூங்கிவிடுவானோ என்று இப்போதே கேற்றடியில் போய்ப் போய்ப் பார்க்கிறேன். தங்க மினுக்கம் வராதது அக்காவுக்கு இன்னும் கவலைதான்.

ஆனால் இதை உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். உங்கள் மகள் மரம் பாட அடிக்கிற இடமெல்லாம் அந்தப் பச்சைக் கல்லை நானே தூக்கிக்கொண்டு போவேன். வேறு ஒருவனையும் தொட விடமாட்டேன். பெரிய ட்றம்முக்கு முன்னால், சனம் பார்க்கிற பக்கத்தில், நீங்கள் இருப்பீர்கள். அது எவ்வளவு துள்ளினாலும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் களைத்தால் பின்னால் என் முதுகு இருக்கிறது.

என்றும் உங்கள் ட்றம்முக்கு முன்னால் குந்தியிருக்கிற,
உங்கள் மச்சான்,
தர்சியின் தாய்மாமன்,
யோகன்