அக்கா குடிக்காத தண்ணீர்

ஜூலை 9, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அக்காவுக்கு இன்று ஏற்ற வேண்டிய மூன்றாவது கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருக்கிறதாம், சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றுதான் ஒவ்வொரு முறையும் கூடவே சலைன் ஏற்றி, சிறுநீர் நன்றாகப் பிரிய ஊசியும் போடுகிறார்கள். வீட்டிலும் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்ததாக நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். எல்லாம் பொய்.

தினமும் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, பீர்க்கன்கரணையிலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். திரும்பி வரும்வரை ஒரு சொட்டு குடிப்பதில்லை.

"அங்க லேடீஸ் டாய்லெட் பூட்டியே கிடக்குடி. சாவி வாட்ச்மேன்கிட்ட. அந்த ஆளுகிட்டப் போய் கேக்கறதா?"

"கேக்கணும்! கிட்னி போனா அவனா குடுப்பான்?"

"கத்தாதே, எல்லாரும் பாக்கறாங்க."

இருபது வருடம் டீச்சர் வேலை. காலை முதல் மாலை வரை அடக்கியே பழகியவள். புற்றுநோய் வந்த பிறகும் வெட்கம்தான் பெரிதாக இருக்கிறது.

நேராக வாட்ச்மேனிடம் போனேன். "இன்னாத்துக்கு மேடம் டென்ஷன்? கேட்டா குடுக்கப் போறோம். யாரும் கேக்கலியே" என்று சிரித்தான். நாள் முழுக்க அத்தனை பெண்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திகூடக் கேட்கவில்லையாம். பூட்டுவது ஏன் என்று கேட்டேன். சாவியை எடுத்து நீட்டினான்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். பெருங்களத்தூர் தாண்டும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. காலையில் காபி குடித்ததோடு சரி. கிளம்புவதால் தண்ணீர் வேண்டாமென்று நானும்தான் விட்டிருந்தேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை.