அப்பாவோட துண்டு டூட்டியும் நம்ம கட்சியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது, அப்பாவும் நானும் இங்க சுகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பீங்கன்னு நம்புறேன். போன கடிதத்துல இந்த வரியை ஒப்புக்குத்தான் எழுதினேன், இந்தத் தடவை மனசார எழுதுறேன். நம்ம வார்டுல கட்சி ஜெயிச்சிருச்சு, நகரசபையும் திரும்பக் கைக்கு வந்துருச்சு, அதோட உங்கப்பா என்கூட முகம் கொடுத்துப் பேசுறாரு. இதுல எது பெரிய சேதின்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

நீ அந்தப் பக்கம் போனதுக்கு அப்புறம் நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது. நகரசபை நம்ம கையில இருந்தப்பதான் நகரசபை பஸ் ஓட்டுற டிரைவருங்களுக்குத் துண்டு டூட்டி வந்துச்சு. காலையில கூட்ட நேரத்துக்கு ஒரு துண்டு, சாயங்காலக் கூட்டத்துக்கு இன்னொரு துண்டு, நடுப்பொழுதுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டுக்கு வந்து போகவும் நேரம் பத்தாது. டெப்போ ஓய்வறையிலயும் பழைய டயரைப் போட்டுப் பூட்டிட்டாங்க. உங்கப்பா பஸ்ஸோட கடைசி சீட்டுல காலை மடக்கிப் படுத்துப் படுத்தே முதுகைக் கெடுத்துக்கிட்டாரு. அடுத்த தேர்தல்ல டெப்போ மொத்தமும் எதிர்க்கட்சிக்குப் போட்டுச்சு. அவங்களும் வந்து ஒண்ணையும் மாத்தல, ஆனா ஜனங்களுக்குக் கோபம் என்னவோ நம்ம மேலதான், சொந்தக்காரங்க செஞ்சதை யாரு லேசுல மறப்பாங்க. நான் கட்சியில கிளைச் செயலாளர், அவர் கட்சியை விட்டு வந்த டிரைவர், ரெண்டு பேரும் ஒரே வீட்டுல. என் நோட்டீஸால அவர் செருப்பைத் துடைப்பாரு, அவர் டிபன் பாக்ஸை நான் கழுவாம வைப்பேன், பேச்சுன்னு பாத்தா உப்பு எங்க, சாவி எங்க, அவ்வளவுதான்.

இந்தத் தடவை நம்ம வார்டுக்கு ஒரு கணக்கு டீச்சரை வேட்பாளரா நிறுத்தினாங்க. மேலிடத்துலேர்ந்து கட்டுக்கட்டா நோட்டீஸ் வந்துச்சு, சமத்துவம், எதிர்காலம்னு எழுத்து பெரிசு பெரிசா. நான் நகரசபை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன், என்கூட வேலை பாக்குறவங்க அதை நாலா மடிச்சு ஆடுற மேஜைக்கு முட்டுக் கொடுத்துட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி வர்றது வரட்டும்னு டீச்சரை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். அப்பா சமையலறையை விட்டு வெளிய வரல. அவங்களே உள்ள போயி, டெப்போவுல ஏன் எங்களைக் கண்டாலே பிடிக்கலன்னு நேராவே கேட்டாங்க. இவர் திரும்பிக்கூடப் பாக்காம, இங்க உக்காந்து கேட்டா புரியாது, நாளைக்கு என் வண்டியில ஏறுங்கன்னாரு. சும்மா சொல்லி அனுப்பினாருன்னுதான் நான் நினைச்சேன்.

மறுநாள் முதல் வண்டிக்கே அந்தம்மா வந்து நின்னுட்டாங்க. நடுப்பொழுது முழுக்க தகரக் கொட்டகையில டிரைவருங்களோட வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பெண் கண்டக்டருங்க பக்கத்து பெட்ரோல் பங்குல கெஞ்சித்தான் கழிப்பறைக்குப் போகணும், இவங்களும் கூடப் போயிக் கெஞ்சினாங்க. பிரசங்கம் எதுவும் பண்ணல. அப்புறமும் பல நாள் வந்தாங்க. கடைசியில டெப்போ வாசல்ல நின்னு, இந்த டூட்டியைக் கொண்டுவந்தது எங்க கட்சிதான், செஞ்சது தப்பு, ஜெயிச்சா முதல் கூட்டத்துலயே எடுப்போம்னு சொல்லிட்டாங்க. ஒருத்தரும் கை தட்டல. ஒரு ஒல்லி கண்டக்டர் மட்டும், உங்க கட்சி விடுமான்னு கேட்டாரு. தெரியல, சண்டை போடணும், நீங்களும் கூட நின்னா நல்லா இருக்கும்னாங்க.

அன்னிக்கே மாவட்டச் செயலாளர் என்னைப் போன்ல கூப்பிட்டுக் கத்தினாரு. கட்சியைத் தெருவுல வச்சு அவமானப்படுத்தினதுக்கு அந்தம்மா பேச்சை வாபஸ் வாங்கணும், இல்லேன்னா ஆளை மாத்துவேன்னு. நானும் டீச்சரும் கட்சி ஆபீஸ் போனோம். அவர் திட்டிக்கிட்டே இருக்கும்போது மாடிப்படியில திமுதிமுன்னு சத்தம். எட்டிப் பாத்தா காக்கிச் சட்டைதான் படி முழுக்க. சேதி கேட்டு அந்த நடுப்பொழுதுல டெப்போவே கிளம்பி வந்திருக்கு, உங்கப்பா எல்லாருக்கும் பின்னால கைப்பிடியைப் பிடிச்சு நிக்கிறாரு. செயலாளர் என்ன வேணும்னு கேட்டாரு. பின்னாலேர்ந்து அப்பாதான் வாயைத் திறந்தாரு. “இவங்க சொன்னதைக் கேக்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம். இவங்களை மாத்தினா இந்தப் படியை நாங்க மறுபடி ஏற மாட்டோம்.” சத்தம் போடாமத்தான் சொன்னாரு. செயலாளர் அதுக்கப்புறம் ஆளை மாத்துற பேச்சை விட்டுட்டு நாற்காலி தேட ஆரம்பிச்சாரு, இத்தனை பேருக்கு எங்க இருக்கு நாற்காலி.

கொஞ்ச ஓட்டுலதான் ஜெயிச்சோம், ஆனா ஜெயிச்சோம். முதல் கூட்டத்துல நம்ம ஆளுங்களே ரெண்டு பேர் முனகினாங்க, டீச்சர் விடல, துண்டு டூட்டி போச்சு. ஓய்வறையைத் திறந்து வெள்ளையடிச்சாச்சு. அப்பா இப்போ ஒரே டூட்டி பாத்துட்டு மத்தியானமே வந்து சூடா சாப்பிட்டுத் தூங்குறாரு, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன், முதுகும் தேவலை. ஓட்டு யாருக்குப் போட்டாருன்னு சொல்ல மாட்டேங்குறாரு, நானும் கேக்கல. கட்சியில திரும்பச் சேரச் சொன்னா, ஒரு வருஷம் பாக்குறேன், சொன்ன சொல்லுல நிக்கிறாங்களான்னு, அப்படிங்குறாரு. நியாயம்தானே. ஞாயித்துக்கிழமை கிளைக் கூட்டம் நம்ம வீட்டுல நடந்துச்சு. வர மாட்டேன்னு உள் அறையில இருந்தாரு. சலவைக்கூடத்தைக் காண்ட்ராக்டுக்கு விடப்போற பேச்சு வந்ததும் அங்கேர்ந்தே ஒரு குரல், அதை முதல்ல அங்க வேலை செய்யுறவங்களைக் கேளுங்கன்னு. கொஞ்ச நேரத்துல நாற்காலியை இழுத்துட்டு வந்து நிலைப்படியில போட்டு உக்காந்தாரு, உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. எனக்கு இப்போதைக்கு அது போதும் கண்ணு.

நீ வேலை வேலைன்னு நின்னுக்கிட்டே சாப்பிடாதே. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மனசை ஒருத்தர் அறிஞ்சு நிறைவா வாழணும், எங்க ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. இனிமே மத்தியானத்துலயே போன் பண்ணு, மறந்துடாதே, அப்பா வீட்டுல இருப்பாரு.

பிரியத்தோட,
உன் அம்மா