அப்பாவின் நாடி

குட்டிம்மா,

நீ போனில் கத்திய கத்தலில் அப்பா சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "குண்டுக்கல்லு மாதிரி இருக்கீங்க சார்" என்று சிரித்தார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா நீ வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைத் திட்டித் தீர்த்தார். "துடிப்பு தாறுமாறா ஓடுதுன்னு பிள்ளையைப் பயமுறுத்திடுச்சே, தரித்திரம் பிடிச்சது!" 

அந்தப் பட்டை அவருக்கு அரிக்கிறது. குளித்ததும் கழற்றி எறிந்துவிடுவார்; அப்புறம் கையில் அது இல்லை என்ற நினைப்பே இருக்காது. அது சும்மா கிடந்தால் உன் போனுக்குத் தகவல் போய் நீ பதறுவாயே என்று, ஒரு வாரமாகப் பகலில் நான்தான் கட்டிக்கொள்கிறேன். இன்று காலையும்தான்.

டாக்டரிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது.

இப்போது அவர் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். பேசினால் விழித்துக்கொள்வார் என்றுதான் போனில் எழுதி அனுப்புகிறேன். கடிகாரம் என் கையில் மறுபடியும் அதிர்கிறது. உனக்கும் தகவல் வந்திருக்கும். அவரைக் கூப்பிடாதே. வண்டியை எடுத்துக்கொண்டு வா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா