பத்து நிமிடம் முன்னால்

பதிவு எண் 1
18 பிப்ரவரி 2025, செவ்வாய்க்கிழமை. முற்பகல் 11.05.

பழைய நோட்டு நேற்றோடு முடிந்துவிட்டதால் எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நேற்று நடந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஒன்றே. கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் புதிய பேட்டரி போட்டேன். எதிரேயுள்ள தொடக்கப் பள்ளியின் காலை மணி அடித்த அதே நொடியில் முள்ளை ஒன்பதில் நிறுத்தினேன். இந்தத் தெருவில் நம்பத் தகுந்தது அந்த மணி ஒன்றுதான். கைபேசிகள் காட்டும் நேரத்தை நான் ஏற்பதில்லை. எவனிடமிருந்து வாங்கிக் காட்டுகின்றன என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பள்ளி தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 'இந்த வசந்தப் பருவத்தில் எங்கள் வகுப்புகள் கற்பவை.' முதல் வகுப்பு கையில் தூக்கிப் பார்த்து எடையை ஊகிக்கும். இரண்டாம் வகுப்பு கடிகாரம் பார்க்கும். மூன்றாம் வகுப்பு தெருமரத்துக் குருவிக் கூட்டைக் கவனிக்கும். நான்காம் வகுப்பு தெருவுக்கு வரைபடம் போடும். ஐந்தாம் வகுப்பு முறையான கடிதங்கள் எழுதும். முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சகத்தில் நாட்காட்டிகளுக்கும் கால அட்டவணைகளுக்கும் மெய்ப்புத் திருத்தியவன் கையில் வந்து சேர்ந்தது அந்தத் தாளின் போதாத காலம். மூன்று பிழைகள். சிவப்பு மையில் திருத்தித் தேதியிட்டேன்.

இன்று பத்து மணி சுமாருக்கு மூன்றாம் வகுப்பு என் சன்னலுக்கு நேர்கீழே, மரத்தடியில் வந்து நின்றது. இருபத்தேழு குழந்தைகள், சத்தம் ஐம்பத்து நான்கு பேருடையது. உடன் வந்த ஆசிரியை இளம்பெண். நான் சன்னல் வழியாகச் சுற்றறிக்கையை நீட்டிப் பிழைகளைக் காட்டினேன்.

"அட, ஆமா. நன்றி ஐயா," என்றாள். பிறகு, "பின்பக்கமும் பாத்துட்டீங்களா? அதுலயும் ஏதாவது இருக்கப் போகுது," என்று சிரித்தாள்.

குழந்தைகளும் சிரித்தன. எள்ளல். பின்பக்கத்தைத் திருப்பாமலே கோப்பில் போட்டு மூடிவிட்டேன். சொல்லித்தான் நான் பார்க்க வேண்டுமா?

அவர்கள் உள்ளே திரும்பியது 10.50. சுற்றறிக்கையில் கண்டுள்ளது: செவ்வாயும் வியாழனும், 10.00 முதல் 10.40 வரை.

பதிவு எண் 2
20 பிப்ரவரி, வியாழன்.

உள்ளே திரும்பியது 10.50. மாலை மணி மூன்றுக்குப் பதில் 3.10க்கு அடித்தது. காலையில் மணி சரி, மாலையில் தளர்ச்சி. இடையில் மணியே அடிப்பதில்லையாம். அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதாம்.

பதிவு எண் 3
23 பிப்ரவரி, ஞாயிறு.

மகள் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அழைப்பாள். இன்று 10.10க்கு அழைத்தாள். கண்டித்தேன்.

"அப்பா, என் போன்ல கரெக்டா பத்து."

"போனைக் கட்டிக்கிட்டு அழு."

"சரி, உங்க ஊர்ல மட்டும் பத்து பத்து. சாப்பிட்டீங்களா?"

பேச்சை மாற்றுவதில் அப்படியே அவள் அம்மா.

பதிவு எண் 6
6 மார்ச், வியாழன்.

மீண்டும் 10.50. ஆறாவது முறை. ஆறு முறையும் அதே பத்து நிமிடம்! தவறிலும் இத்தனை ஒழுங்கு என்றால் அது வேண்டுமென்றே செய்வதாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவு எண் 7
7 மார்ச், வெள்ளி. பிற்பகல் 4.30.

தலைமையாசிரியையிடம் புகாரை நேரில் கொடுத்தேன். ஒரு பக்கம், ஆறு தேதிகள், ஆறு நேரங்கள். மாலை மணியைப் பற்றி எழுதவில்லை. அது அந்த அம்மையாரையே குறை சொல்வதாக ஆகிவிடும். படித்துவிட்டு, "இவ்வளவு துல்லியமா யாரும் எழுதிக் கொடுத்ததில்ல ஐயா," என்றார். வீட்டுக்கு வரும்போது நடையே நிமிர்ந்திருந்தது.

பதிவு எண் 8
11 மார்ச், செவ்வாய்.

மூன்றாம் வகுப்பு வரவில்லை. அமைதி. செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். 10.50க்கு ஏனோ சன்னலைப் பார்த்தேன்.

பதிவு எண் 9
12 மார்ச், புதன். மாலை 5.20.

பள்ளி வாசல் காவலரைப் பழக்கடையில் பார்த்தேன். தானாகவே சொன்னார்.

"மூணாங்கிளாசை வெளிய விட வேணாம்னுட்டாங்க சார். பாவம், அந்த டீச்சர். ரெண்டு வருஷமா தற்காலிகம். இருபத்தெட்டாம் தேதி கமிட்டி கூடுது. நிரந்தரம் பண்றாங்களா, வீட்டுக்கு அனுப்பறாங்களான்னு அன்னைக்குத் தெரியும். இந்த நேரம் பாத்து எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்."

"மொட்டைக் கடிதம் இல்லை. கையெழுத்து இருந்தது," என்றேன்.

காவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழம் பொறுக்கப் போய்விட்டார்.

உண்மையை எழுதுவது குற்றமா? எழுதியதெல்லாம் உண்மைதானே.

பதிவு எண் 10
14 மார்ச், வெள்ளி. நேரம் பின்னர் குறிக்கப்படும்.

வரிசையாக எழுத வேண்டும்.

முற்பகலில் இரண்டாம் வகுப்பு தெருவுக்கு வந்தது. கடை கடையாக, வீடு வீடாகக் கடிகாரம் பார்த்து நேரம் எழுதுவது அவர்கள் பாடம். தையற்கடை, மருந்துக்கடை, ரொட்டிக்கடை முடித்து என் சன்னலுக்கு வந்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, உங்க கடிகாரம் தப்பு."

"என் கடிகாரமா? போம்மா. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். பெரிய முள்ளு ஆறுல இருக்கு. கடையிலெல்லாம் இப்பத்தான் நாலுகிட்ட இருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னால ஓடுது."

"கடைக்காரங்க கடிகாரம் மெதுவா ஓடுதோ என்னமோ."

"மூணு கடையுமா?" என்றாள். நோட்டில் ஏதோ எழுதினாள். அதை அழித்துவிடச் சொன்னேன். "அழிக்க மாட்டேன் தாத்தா. டீச்சர் பாத்ததை அப்படியே எழுதச் சொல்லியிருக்காங்க."

அவர்கள் போன பிறகு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மாலை மணி 3.10. மகள் 10.10. மூன்றாம் வகுப்பு 10.50. எல்லாமே பத்து. கடவுளே, எல்லாமே பத்து.

கோப்பை எடுத்தேன். சுற்றறிக்கையைப் புரட்டினேன். பின்பக்கத்தில் நான்கே வரிகள். 17 பிப்ரவரி முதல், முதல் வகுப்புக் குழந்தைகள் வரிசையில் நிற்க வசதியாக, காலை 8.50க்கு ஒரு முன்மணி அடிக்கப்படும், 9.00க்கு வழக்கமான மணி.

17 பிப்ரவரி. நான் கடிகாரத்தைச் சரிசெய்த நாள். முன்மணிக்கு ஒன்பது என்று வைத்துவிட்டு அடுத்த மணியைக் காதில் வாங்கவே இல்லை. அன்றும் அதன்பின் ஒவ்வொரு காலையும், முதல் மணியோடு கடிகாரம் சரி என்ற நிம்மதியில் குளிக்கப் போயிருப்பேன்.

அந்த நான்கு வரிகளிலும் பிழை ஒன்றுமில்லை. பின்பக்கம் பாத்துட்டீங்களான்னு அந்தப் பொண்ணு சாதாரணமாத்தான் கேட்டிருக்கா. நான்தான்... நான்தான்.

பதிவு எண் 11
16 மார்ச், ஞாயிறு.

மகள் 10.10க்கு அழைத்தாள், அதாவது பத்துக்கு. "நீ சொன்னதுதான் சரி," என்றேன். 

"அப்பா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

ஒன்றுமில்லை என்றேன். விவரம் சொல்லவில்லை. மகளிடமே சொல்ல முடியாதவன் வேறு யாரிடம் சொல்வான்?

பதிவு எண் 12
17 மார்ச், திங்கள். மாலை.

ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அந்த ஆசிரியை. ஒளிய இடமில்லை. திரும்பிப் பார்த்து அவளே வணக்கம் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்கலைங்கய்யா. நான் நேரத்துக்குத்தான் உள்ள போனேன்னு நினைச்சேன். ஆனா நீங்க தேதி போட்டு எழுதியிருந்ததைப் பாத்ததும் எனக்கே சந்தேகமா போச்சு. வாட்ச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு குறையும் இல்லைங்கறார். அப்ப நான்தான் கவனிக்கலை போல."

நான் என்ன சொன்னேன்? "ரொட்டி சூடா இருக்கா பாருங்க" என்றேன். அதைத்தான் சொன்னேன். எழுபத்து மூன்று வயது.

குறை இல்லாத அவள் கைக்கடிகாரத்தின் பேரையும், குறை இல்லாத ஒரு பெண்ணின் மனத்தையும் ஒரே பக்கத்தில் கெடுத்திருக்கிறேன்.

பதிவு எண் 13
18 மார்ச், செவ்வாய்.

சுவர்க் கடிகாரத்தைத் திருத்தவில்லை. அதுதான் சாட்சி, சாட்சியை நான் தொடக் கூடாது. மனத்தில் பத்தைக் கழித்துக்கொண்டு சரியாக 10.00க்குச் சன்னலில் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பின் பாடம் என்ன என்பதை அவர்கள் சத்தத்திலிருந்தே அறிவேன்: நாற்பது நிமிடத்தில் குருவி எத்தனை முறை இரையோடு வருகிறது என்று எண்ணுவது. அதை நான் எண்ணினேன். பதினேழு முறை. கூட்டில் மூன்று குஞ்சுகள். சிறகு முளைத்துவிட்டது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? தெரியாது. அவர்கள் அட்டவணையில் என்னால் விழுந்த வெற்றுக் கட்டம் ஒன்று நிரம்பும், அவ்வளவுதான்.

பதிவு எண் 14
20 மார்ச், வியாழன். முற்பகல் 10.55 (கழித்தபின்).

10.12க்கு முதல் குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்தது. 10.19க்குப் பறந்தது, பறந்தது என்பதைவிட விழுந்து, கிளையைப் பிடித்து, பிறகு பறந்தது. இரண்டாவது 10.26. மூன்றாவது வர மறுத்தது. தாய் இரையைக் கொடுக்காமல் எதிர்க்கிளையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. 10.38க்கு அதுவும் போய்விட்டது.

10.40க்குள் எல்லாம் முடிந்தது. அந்த வகுப்புக்கு ஒதுக்கியிருந்த நாற்பது நிமிடம் அளந்து வைத்தாற்போல் போதுமானதாக இருந்தது. ஒரு மாதமாக இதற்காகத்தான் அந்தக் குழந்தைகள் காத்திருந்தன. பார்த்தவன் நான் ஒருவன். மரத்தடியில் ஒருவருமில்லை.



பதிவு எண் 15
22 மார்ச், சனி.

கோழைத்தனத்தையும் பதிவு செய்துவைக்கிறேன். முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தச் சிறுமியின் நோட்டு மட்டும் மீதி. ஏழு வயதுக் குழந்தையின் நோட்டை எந்தக் கமிட்டி பார்க்கும்? நாற்காலியைப் போட்டு ஏறியும் விட்டேன். அழிக்க மாட்டேன் தாத்தா, என்றாளே. இறங்கிவிட்டேன்.

அத்தோடு இதையும் எழுத வேண்டும். தாமதம் என்னை உறுத்தவே இல்லை. அந்த ஆசிரியை சிரித்ததுதான் உறுத்தியது. அதற்குத்தான் ஆறு தேதிகளைச் சேர்த்தேன்.

பதிவு எண் 16
24 மார்ச், திங்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐந்து தாள்கள் வீண். முதல் தாளில் முன்மணியைக் குறை சொல்லியிருந்தேன், இரண்டாவதில் பேட்டரியை, மூன்றாவதில் பின்பக்கத்தில் அச்சிடும் வழக்கத்தை. ஐந்தாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் கடிதம்தான் பாடம். நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

ஆறாவது தாள் நான்கு வரிகளில் முடிந்தது. பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே வந்துவிட்டது.

பதிவு எண் 17
25 மார்ச், செவ்வாய். நண்பகல்.

தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க தாளை நம்பித்தான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டேன் ஐயா. அது அழுதுச்சு. நான் நேரத்துக்கு வந்தேன் மேடம்னு சொல்லிச்சு. நான் நம்பலை."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க அந்த ரூம்ல இல்ல."

 கமிட்டியில் இதைப் படிப்பேன் என்றார். நானே வந்து சொல்கிறேன் என்றேன். சற்று யோசித்து, "வாங்க," என்றார்.

பதிவு எண் 18
28 மார்ச், வெள்ளி. மாலை.

ஐந்து பேர் முன்னால் நின்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் கோபித்தார். அவள் அந்த அறையில் இல்லை. முடிவு திங்களன்று.

பதிவு எண் 19
31 மார்ச், திங்கள்.

வாசல் காவலர் சன்னலைத் தட்டினார். "நிரந்தரம் ஆயிடுச்சு சார். கையெழுத்துப் போட்டாச்சு." போகும்போது திரும்பி, "மறுபடி எழுதிடாதீங்க," என்றார். எனக்கு நன்றாக வேண்டும்.

பதிவு எண் 20
1 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை. நேரம்: பள்ளியின் இரண்டாம் மணிக்குப் பிறகு, பத்துக்கு முன். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு இன்று மீண்டும் மரத்தடிக்கு வரும் என்று காவலர் சொல்லியிருக்கிறார். வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். கூடு காலியாக இருக்கும். வேலை அவளுக்குத் திரும்பிவிட்டது. அந்த வியாழக்கிழமை அந்த இருபத்தேழு பேருக்கும் திரும்பாது. அதற்கு என்னிடம் இருப்பது இரண்டு தாள்கள் மட்டுமே. அவற்றைச் சன்னல் வழியாக நீட்டப்போவதில்லை. தெருவில் இறங்கி நின்று, அவள் கையில் கொடுப்பேன்.

அவற்றோடு கொடுக்கும் கடிதத்தின் நகல் கீழே.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் ஆறு நாட்களும் சரியான நேரத்துக்கே திரும்பினீர்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் குறையில்லை. உங்கள் கவனத்திலும் இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். உங்கள் குழந்தைகள் பார்க்க வேண்டியதை அவர்கள் இடத்திலிருந்து நான் பார்த்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத் தகுந்த சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இணைப்புகள்:

1. மார்ச் 18 அன்று குருவி இரை கொண்டுவந்த கணக்கு, ஒரு தாள்.
2. மார்ச் 20 அன்று மூன்று குஞ்சுகள் கூட்டை விட்டுப் போன விவரம், ஒரு தாள். நேரங்கள் திருத்தப்பட்டவை.
3. பள்ளியின் சுற்றறிக்கை, முன்பக்கத்தில் என் சிவப்பு மையுடன். பின்பக்கத்தில் பிழையில்லை.
4. மார்ச் 7 தேதியிட்ட என் புகாரின் நகல், குறுக்கே கோடிட்டது.
5. சுவர்க் கடிகாரம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு. இன்னமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. முன்பல் இல்லாத மாணவியே திருத்த வேண்டும்.