கரடி இல்லாத தீவு

அகிதா,
அக்டோபர் 24

அன்புள்ள நோரியாகிக்கு,

அம்மா எழுதுகிறேன். மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது, நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நெதர்லாந்தில் நீயும் ஃபெம்கேயும் குட்டி மிவாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் புத்தர் அலமாரி முன்னால் சோறு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் மிவா வண்ணம் தீட்டி அனுப்பிய ஜப்பான் வரைபடமும் வந்து சேர்ந்தன. நவம்பர் பதினைந்தாம் தேதி வருகிறோம், பன்னிரண்டு நாள் விடுமுறை, அதில் ஐந்து நாள் நம் வீடு, மீதி ஏழு நாளுக்கு ஹொக்கைடோவா, கியோட்டோ பக்கமா, ஷிகொக்குவா, கியூஷூவா, நீயே சொல்லும்மா என்று கேட்டிருக்கிறாய். ஃபெம்கேயைக் கட்டிக்கொள்ள என்னை ஒரு வார்த்தை கேட்காதவன் ஊர் சுற்ற மட்டும் யோசனை கேட்கிறாயே என்று சிரித்துக்கொண்டேன்.

யோசித்துத்தான் எழுதுகிறேன், கவனமாகப் படி. ஹொக்கைடோ வேண்டவே வேண்டாம். அங்கே நண்டு நன்றாக இருக்கும், ஃபெம்கேக்குப் பிடிக்கும், ஆனாலும் வேண்டாம். கியோட்டோவில் அந்த மாதம் சிவந்த இலையைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கோயில்களுக்குப் பின்னாலேயே மலை தொடங்கிவிடுகிறது, அதனால் வேண்டாம். ஷிகொக்குவில் இருபது சொச்சம்தான் மிச்சம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள், அந்த இருபதையும் நம்ப நான் தயாராக இல்லை. கியூஷூவுக்குப் போ. பன்னிரண்டு நாளும் அங்கேயே இரு. பெப்புவில் வெந்நீர் ஊற்றில் குளியுங்கள், ககோஷிமாவில் எரிமலை புகைந்துகொண்டிருக்கும், புகையட்டும், எரிமலை வீட்டுக் கதவைத் தட்டாது. நான் எந்தக் கணக்கில் ஊர் பிரிக்கிறேன் என்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். கியூஷூவில் கரடி கிடையாது, ஒன்றுகூட. இந்த முறை நம் வீட்டுக்கு வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் கரடியைப் பற்றிக் கேட்டபோது அப்பா "ஒண்ணும் இல்லடா, டிவிக்காரன் ஊதிப் பெருசாக்குறான், பேத்தியக் கூட்டிட்டுக் கெளம்பி வா" என்றார் அல்லவா, அது பொய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது, நான் எதைச் சொன்னாலும் சிரித்து மழுப்பிவிடுவார், நீயும் நம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இந்த வருஷம் மலையில் மரங்கள் காய்க்கவில்லை, கரடிகள் பசியோடு கீழே இறங்கிவிட்டன. வீட்டு பெர்சிமன் மரங்களில் ஒரு பழம் விடாமல் பறித்துவிடுங்கள், முடியாதவர்கள் மரத்தை வெட்டுங்கள் என்று மாதத் தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நம் தெருவில் இருபத்து மூன்று வீடு. எல்லோரும் பறித்தோம், எல்லோரும் உச்சியில் ஒன்றே ஒன்றை விட்டோம். கடைசிப் பழம் மரத்துக்கு என்று விடுவது உனக்குத் தெரியும், அதையும் பறித்துவிட்டு அடுத்த வருஷம் எந்த முகத்தோடு மரத்தடியில் போய் நிற்பது? பார்வையிட வந்தது கொன்னோ வீட்டு மருமகள், நகராட்சியில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். அப்பா "எல்லாம் பறிச்சாச்சும்மா" என்றார். அவளும் நிமிர்ந்து உச்சியில் இருந்த அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு "ஆமாங்க, பறிச்சாச்சு" என்று தாளில் குறித்துக்கொண்டு போனாள், அவள் வீட்டு மரத்திலும் ஒன்று தொங்கியது. சொன்னபடி முழுக்கப் பறித்தது பக்கத்து வீட்டு சுமி அக்கா மட்டும்தான். தனியாக இருக்கிறவள், "மரத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம், கரடிகிட்ட கேக்க முடியுமா" என்றாள். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் அவளைக் கேலி செய்தோம்.

பன்னிரண்டாம் தேதி காலை அப்பா கதவைத் திறந்தபோது நம் மரத்து உச்சியில் கரடி இருந்தது. அந்த ஒரு பழத்துக்காக அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. அவர் வாளியைத் தட்டிக் கத்தினார், அது இறங்கி நம் பக்கம் வராமல் வேலியைத் தாண்டி சுமி அக்கா தோட்டத்துக்குள் குதித்தது. அவள் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டு குனிந்திருந்தாள். உயிர் இருக்கிறது நோரியாகி, இடது கண் போய்விட்டது, அந்தப் பக்கக் கன்னத்தைத் தொடையிலிருந்து தோல் எடுத்துத் தைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து பாதி வாயால் "உங்க மரத்துக்கு இப்ப சந்தோஷமா ரிட்சுகோ" என்று கேட்டாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா அறை வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

அன்று மாலையே மரத்தை வெட்டிவிட்டார். ஆனால் பறித்த முன்னூறு பழத்தையும் முன்பே தோல் சீவிக் கயிற்றில் கோத்து உன் பழைய அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் காயப் போட்டிருந்தோம், மிவா வரும்போது பதமாக இருக்கட்டும் என்று. மரத்திலிருந்து இறக்கி வீட்டில் கட்டிவைத்திருக்கிறோம் பார், எங்கள் புத்தி அவ்வளவுதான். மூன்றாம் நாள் விடிந்தபோது கயிறுகள் அறுந்து கிடந்தன, கண்ணாடிக் கதவில் என் நெற்றி உயரத்தில் சேறு படிந்த பாதம். மிவாவுக்கு மெத்தை விரிக்க நினைத்திருந்த இடத்திலிருந்து அது இரண்டடி தூரம்கூட இல்லை. வேட்டைக்காரர்கள் நான்கு பேர் வந்து இரும்புக் கூண்டு வைத்தார்கள், அவர்களில் இளையவருக்கே அறுபத்தெட்டு வயது. கூண்டுக்குள் ஆப்பிள் அழுகுகிறது, கரடி அந்தப் பக்கமே போகவில்லை. அது ருசி கண்டது நம் வீட்டைத்தான்.

இனி எழுதுவதை ஃபெம்கேயிடம் படித்துக் காட்டாதே. போன வாரம் அப்பா சந்தைக்குப் போய் இரண்டு பெட்டி பெர்சிமன் வாங்கி வந்தார். தானே உட்கார்ந்து தோல் சீவினார், தானே அதே தாழ்வாரத்தில் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். "அந்தக் கரடி வரட்டும், மிவா வர்றதுக்குள்ள முடிச்சுடணும்" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து இருட்டுப் பிரியும் முன்னே எழுந்து உன் அறைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைக் கையளவு திறந்துவைத்துக்கொண்டு விறகு பிளக்கும் கோடரியோடு உட்கார்ந்திருக்கிறார். எழுபத்து நான்கு வயது, வலது தோள் மேலே எழும்பாது. நான் பழத்தை அவிழ்த்துவிட்டேன், மறுபடியும் கட்டினார். கோடரியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன், தேடி எடுத்துவிட்டார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன், "சுமியோட கண்ண அவங்க திருப்பித் தருவாங்களா" என்கிறார். நேற்று அந்தக் கதவுக்கு வெளியே ஈர மண்ணில் புதிய தடம் பார்த்தேன். அவர் பார்க்கும் முன்னே காலால் அழித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பேத்தி வருகிறாள் என்பதால்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவள் வரவில்லை என்றால் எழுந்துவிடுவார் என்று நம்புகிறேன், என்னிடம் வேறு வழி எதுவும் மிச்சமில்லை. கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுதாதே, அவரைக் கூப்பிட்டு "நாங்க கியூஷூ போறோம்பா, டிக்கெட் எடுத்தாச்சு" என்று சொல். திட்டுவார், மகனே இல்லை என்பார், திட்டட்டும். உன்னைப் பார்க்காமல் இன்னொரு வருஷம் போவது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், மிவா நன்றாகச் சாப்பிட்டு உயரமாக வளர வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். அங்கே இரவு ஒன்பதரை மணிக்குக் கூப்பிடு, இங்கே விடியற்காலை ஐந்தரை, அவர் அந்த அறையில்தான் இருப்பார். மணி எவ்வளவு நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே.

உன் அம்மா
ரிட்சுகோ