வலது பக்க இருக்கை

விச்சிட்டா, கன்சாஸ்

அன்பு மகளுக்கு,

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் உரிமம் இன்று கிடைத்துவிட்டது.

வலது இருக்கையில் நான். இடது பக்கம் தேர்வாளர் லாயிட், ஒன்றும் தெரியாத மாணவராக நடித்தார். இறங்கும்போது வேண்டுமென்றே ஓடுபாதையை விட்டு விலகினார். "வலது காலை அழுத்துங்க" என்றேன். அழுத்தவில்லை. "விடுங்க, இனி என் கையில" என்று கட்டுப்பாட்டை வாங்கி நேராக இறக்கினேன்.

"கத்தாமச் சொல்றீங்களே, எங்க பழகினீங்க?" என்றார். உன் அப்பா ஓட்டும் காரில், இதே வலது இருக்கையில் என்று சொல்லவில்லை.

போன வருடம் வீட்டைவிட்டுப் போன உன் அப்பா, மாலையில் டோனட் பெட்டியோடு விமானக் கொட்டகைக்கே வந்துவிட்டார். "கார்ல வாயை மூடுன்னு சொன்னவன்தான், டீச்சரம்மா. இப்பக் காசு குடுத்துக் கேக்க வந்திருக்கேன்."

சனிக்கிழமை முதல் பாடம். பிறகு வீட்டுக்குச் சாப்பிட வரலாமா என்றார். சொன்னதைக் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் அம்மா